உரலுக்கு ஒரு பக்கம்

புளியரை சோதனைச் சாவடிக்கு இப்பால்
கடைசிச் சுவரில் நான் வரைந்த உரலை
இன்று நானே அழிக்கிறேன்.
வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்:
தோற்ற சின்னம் வாசலில் நின்றால்
பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

முதல் பூச்சு காய்ந்தது. உரல் தெரிகிறது.
இரண்டாவது பூச்சு. தெரிகிறது.
மழைக்கும் நிற்கட்டுமென்று நீலத்தைக்
கெட்டியாகக் கரைத்தவன் நான்தான்.

நேற்று குற்றாலத்தில் ஆய்வுக் கூட்டம்.
ஏசி மண்டபம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்,
கம்பளம் வாடகைக்கு எடுத்ததாம்.
"பூத் கமிட்டி தூங்கிவிட்டது" என்றார் தலைவர்.
கையிலிருந்த தாளில் என் பூத்தும் இருந்தது.
எழுபத்தாறு. பதிவானது எண்ணூற்றுப் பன்னிரண்டு.
நமக்குத் தொண்ணூற்று மூன்று.

தலைவரே, நான் தூங்கவில்லை.
அந்தத் தொண்ணூற்று மூன்றையும்
பெயர் சொல்லிக் கூப்பிட என்னால் முடியும்.
உலகம்மை அக்கா இடுப்பு ஒடிந்தும் வந்தாள்,
ஆட்டோவுக்கு நூற்றைம்பது, நான் கொடுத்தது.
ஆவுடைநாயகம் அப்பா காலத்திலிருந்தே நம் ஆள்;
இந்தமுறை அவர் விரல் எந்தப் பொத்தானுக்குப் போனதென்று
எனக்குத் தெரியும்.
கேட்கவில்லை.
கேட்க எனக்கு முகம் இல்லை.

ஐந்து வருஷமாக அவர் வாசலில் நின்று நான் சொன்னது என்ன?
கோயில் குளத்தை மீட்போம்.
பள்ளிக்கூடத்துப் பக்கத்து மதுக்கடையை எடுப்போம்.
மலையை உடைத்து எல்லை தாண்டி விற்கிறவனை விடமாட்டோம்.
இருப்பதைக் காப்பாற்றத்தானே
நாம் கட்சியே வைத்திருக்கிறோம் என்றேன்.
நம்பினார்கள்.
நானும்.

மனுத்தாக்கலுக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில்
ஒருவரை அழைத்துவந்து துண்டு போர்த்தினீர்கள்.
அவர் பெயரை நான் முதன்முதல் படித்தது
உங்கள் அறிக்கையில் அல்ல,
எம்-சாண்ட் லாரியின் பின்கதவில்.
அந்த லாரிக்கு முன்னால் படுத்தவர்கள் நாங்கள்,
திருமலைக்குமார், நான், இன்னும் ஏழு பேர்.
வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா
செங்கோட்டைக்கு பஸ், சொந்தக் காசு.
அவருக்கு ஓட்டுக் கேட்டும்
அதே ஒன்பது பேர்தான் போனோம்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்த பையன்
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்:
"மாமா, இப்ப அது நல்ல லாரி ஆயிட்டா?"

உரலுக்கு ஒரு பக்கம் இடி என்பார்கள்,
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும்.
சின்னம் உங்களுடையது.
மத்தளம் நாங்கள்.

மத்தியானம் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு
கோட்டைவாசல் தாண்டி டீ குடிக்கப் போனேன்.
ஸ்ரீகண்டன் இருந்தான், ஆரியங்காவுக்காரன்,
அங்கே நம்மைப் போன்ற ஒரு கட்சிக்கு
போஸ்டர் ஒட்டித் தோற்றவன்.
"எங்க தலைவரும் பறஞ்சது அதுதன்னே.
பூத்தில் ஆரும் பணி எடுத்தில்லான்னு."
சிரித்தோம். இரண்டு பாஷையிலும்
அது ஒரே சிரிப்பாகத்தான் இருந்தது.

வளைவில் ஒரு லாரி முக்கி முனகி ஏறியது.
தார்ப்பாயின் ஓட்டையில் தூசி கொட்டியது.
அவன் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.
நான் மறந்துவிட்டேன்.
பின்கதவில் அதே பெயர், புதிதாக எழுதியது,
பக்கத்தில் ஓர் உரல்.
யார் வரைந்ததோ, கைப்பிடித்த வேலை.

மலையைக் கொஞ்சம் குடித்தேன், பல்லில் நறநறத்தது.

ராஜினாமாக் கடிதம் நான்கு முறை எழுதினேன்.
நான்கும் பழக்க தோஷத்தில்
"கட்சிப் பணியில் என்றும் தங்கள்"
என்றே முடிகின்றன. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது பூச்சு அடிக்கும்போது போன் அதிர்ந்தது.
மாவட்ட அலுவலகம். ஒரே வரி:
'உள்ளாட்சித் தேர்தல் வருகிறது,
நல்ல சுவர்களாகப் பார்த்து இப்போதே பிடிக்கவும்.'

பதில் போடவில்லை.
சுண்ணாம்பு விரலோடு எப்படிப் போடுவது.
எதிரே சுவர், ஈரமாக, ஏறக்குறைய வெள்ளையாக.